தொடாமல் உடையும் சுருள்கள்

செவ்வாய்க்கிழமை காலையில் மாயாண்டி பட்டறைக் கதவைத் திறந்தபோது ஐந்து சுருள்வில்கள் உடைந்து கிடந்தன. முந்தின நாள் சாயங்காலம் பன்னிரண்டையும் அவனேதான் பன்னிரண்டு போல்ட்டுகளில் கோத்து, நட்டைத் திருகி, நன்றாக அமுக்கி, மேசையில் வரிசையாக நிறுத்திவிட்டுப் போயிருந்தான். பன்னிரண்டும் நல்ல சுருள்கள். அமுக்கிப் பார்த்திருந்தான், விட்டுப் பார்த்திருந்தான், சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டுக்கூடப் பார்த்திருந்தான். அப்போதெல்லாம் உடையாதவை, ராத்திரி சும்மா நின்றபோது உடைந்திருக்கின்றன. சும்மா நிற்கிற எஃகு எப்படி உடையும்?

உடைந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சாம்பல் நிறத்தில், சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல மின்னியது. பழைய கீறல் இல்லை, துருவும் இல்லை.

“மச்சான், ராத்திரி டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு” என்றான் தங்கராஜு. மாயாண்டியின் மனைவி ராக்கம்மாவுக்குத் தம்பி அவன். பகலில் உலைக்குத் துருத்தி ஊதுவான். இரவில் பட்டறையிலேயே படுத்து இரும்புச் சாமான்களுக்குக் காவல் இருப்பான். “பல்லின்னு நெனச்சேன்.”

“அஞ்சு தடவையுமா பல்லி?”

“நல்ல சகுனம் சொல்லுதுன்னு திரும்பிப் படுத்துட்டேன். கல்யாண யோகம் வந்திருச்சுன்னு பாத்தேன்.”

“ஒனக்குப் பொண்ணு குடுக்கறவன் இனிமேதான்டா பொறக்கணும். துருத்தியைப் புடி.”

ரெம்பாவுக்குப் பக்கத்துக் கல்லுமேட்டுத் தோட்டத்தில் அது ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். ரப்பரை வாங்க ஆளில்லை. பால் பிடிக்கிற மங்குகள் மரத்திலேயே காய்ந்து கிடந்தன, ஆலையில் பால் உறைய வைக்கும் தொட்டிகளில் தவளை குடியிருந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்திலேயே கடைசல் இயந்திரம் இருந்தது அந்த ஆலைப் பட்டறையில் மட்டும்தான். அதனால் ராணுவ லாரிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஹமாடா என்ற சார்ஜண்ட், இன்ஜின் வால்வுகளுக்கு ஸ்பிரிங் செய்யச் சொல்லி மாயாண்டியிடம் வந்தான்.

அது எந்த லாரி என்று எல்லோருக்கும் தெரியும். சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்து ஆட்களை ஏற்றிச் சிரம்பான் ஸ்டேஷனில் இறக்குகிற லாரி. அது கெட்டுக் கிடந்த மூன்று வாரமும் லயத்தில் பெண்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். மாயாண்டிக்கும் இது தெரியும். ஆனாலும் வேலையைக் கையில் எடுத்ததும் மறந்துவிடும். அவன் சுபாவம் அப்படி.

“ஸ்பிரிங்குன்னா ஒரே சாதின்னு நெனைக்காதே” என்று அன்றைக்கும் தங்கராஜுவிடம் ஆரம்பித்தான். “மரத்தைச் சுத்தி மங்கைத் தாங்குற கம்பியில சின்னச் சுருள் இருக்கில்ல? அது இழுக்கற சாதி. மரம் பருக்கப் பருக்க அதுவும் நீண்டு குடுக்கும். எலிப்பொறியில இருக்கறது முறுக்கற சாதி. கடிகாரத்துல இருக்கறது பாயைச் சுருட்டின மாதிரி தட்டைத் தகடு. வால்வுல இருக்கே, இது அமுக்கற சாதி. நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை அமுங்கி எந்திரிக்கணும்.”

“நம்மள மாதிரி.”

“கேளுடா. சுருளை அமுக்கினா கம்பி வளையுதுன்னுதானே நெனைக்கறே? இல்ல. ஈரத் துண்டைப் பிழியற மாதிரி கம்பி முழுக்க முறுக்கிக்குது. அதனாலதான் இம்புட்டுச் சின்னச் சாமான் அம்புட்டு பாரத்தைத் தாங்குது. வளையறது ஒரு எடத்துலதான் நோகும். முறுக்கிக்கறது ஒடம்பு பூரா பங்கு போட்டுக்கும்.”

நல்ல கம்பிக்கு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் இருந்த சோபாக்களைக் கிழித்திருந்தார்கள். சோபாச் சுருள் உடுக்கை மாதிரி இடை சிறுத்தது, வால்வுக்கு ஆகாது. ஆனால் அதன் எஃகு உயர்ந்த எஃகு. மாயாண்டி அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடுவான். அது மெத்தென்று ஆனதும் நீட்டி நிமிர்த்துவான். பிறகு கடைசல் இயந்திரத்தில் ஒரு தண்டைப் பூட்டி அதன்மேல் கம்பியைச் சுற்றுவான். சுற்றிய கம்பி விட்டதும் கொஞ்சம் விரியும் என்பதால், தண்டு வேண்டிய அளவைவிட ஒரு நூல் மெலிந்திருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் கடைசி வளையத்தோடு ஒட்டிப் படியவைத்துத் தட்டையாகத் தேய்ப்பான்.

அதற்குப் பிறகுதான் நெருப்பு வேலை. காந்தம் ஒட்டாத அளவுக்குச் சுருளைச் சிவக்க வைத்து, தேங்காய் எண்ணெயில் முக்க வேண்டும். எடுத்தால் கண்ணாடிபோல இருக்கும், தட்டினால் தெறித்துவிடும். அதை மறுபடி மெல்லச் சூடாக்கும்போது, தேய்த்துவிட்ட ஓர் இடத்தில் நிறம் மாறிக்கொண்டே வரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, பிறகு மயில்கழுத்து நீலம். அந்த நீலத்தில் நிறுத்தினால் அது ஸ்பிரிங். தாண்டிவிட்டால் வெறும் கம்பி.

இவ்வளவும் மாயாண்டி சரியாகச் செய்தான். இதோடு விட்டிருக்கலாம். ஆனால் நெருப்பில் வெந்த சுருள் கரிச்செதில் ஒட்டிக் கருப்பாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் சீமையிலிருந்து பெட்டியில் வந்த ஸ்பிரிங்குகளை அவன் பார்த்திருக்கிறான், வெள்ளிக்கொலுசு மாதிரி இருக்கும். தன்னுடையதும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆலையில் பாலை உறைய வைக்கும் ஆசிட் ஒரு ஜாடி மிஞ்சியிருந்தது. ஒரு ராத்திரி அதில் ஊறப் போட்டால் செதில் உரிந்து சுருள் பளபளவென்று வந்தது. யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகச் செய்தான்.

அந்தப் பளபளப்பான பன்னிரண்டில்தான் ஐந்து உடைந்தன. மீதியில் புதன்கிழமை காலை இன்னும் நாலு.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அமிர்தலிங்கம் ராணுவத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அனுப்பாவிட்டால் அவர் தலை போகும். பத்து மணிக்கு ஹமாடா மோட்டார் சைக்கிளில் வந்தான். குள்ளமான, சுத்தமான ஆள். சண்டைக்கு முன்னால் அவன் ஊரில் மெக்கானிக் கடை வைத்திருந்தானாம். உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். கிராணி ஆறு மாதம் ஜப்பான் பள்ளிக்கூடத்தில் கற்ற மொழியை வைத்துக்கொண்டு இடையில் நின்றார்.

“ராத்திரி இங்க யார் படுக்கறதுன்னு கேக்கறாரு.”

“நாந்தாங்கய்யா” என்று தங்கராஜு முன்னால் வந்தான்.

ஹமாடா முதலில் அவனை அறைந்தான். பிறகு துருத்தியின் கட்டையைக் கழற்றி எடுத்து, அவசரமே இல்லாமல், ஒரு இடத்தில் அடித்த பிறகு அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுத்து அடித்தான். தங்கராஜு விழுந்ததும் நிறுத்தினான், எழுந்து நிற்கும்வரை காத்திருந்தான், மறுபடி அடித்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கிராணியிடம் நிதானமாகப் பேசினான்.

கிராணி மென்று விழுங்கி மொழிபெயர்த்தார். “மாயாண்டி, நல்லா கேட்டுக்கோ. தங்கராஜுவ அந்த ரப்பர் மரத்துல கட்டி வைப்பாங்களாம். சிப்பாய் காவல் நிப்பானாம். நாளைக்கு அஞ்சு மணிக்கு லாரி சிரம்பானுக்குப் போகணும். அதுக்கு எட்டு ஸ்பிரிங் நீ செய்யணும். இவன் கட்டிக் கெடக்கும்போது ஸ்பிரிங் ஒடையலேன்னா, இதுவரைக்கும் ஒடச்சது இவன்தான். அதே லாரியில சயாமுக்குப் போவான். அப்பவும் ஒடஞ்சா இவன் மேல குத்தமில்ல, ஒன் வேலதான் மோசம். நீ போவே.”

ஹமாடா தலையசைத்தான். தன் கணக்கு எவ்வளவு நேராக இருக்கிறது என்று அவனுக்கே பிடித்திருந்தது தெரிந்தது.

தங்கராஜுவை மரத்தில் முதுகு ஒட்டக் கட்டினார்கள். கைகளைப் பின்னால் இழுத்து, பழைய மங்குக் கம்பியால் பிணைத்தார்கள். வெயில் ஏற ஏற அவன் முகத்தில் எறும்பு ஏறியது. ராக்கம்மா தண்ணீரோடு வந்தாள். சிப்பாய் குவளையை வாங்கித் தானே குடித்துவிட்டு வெறும் குவளையைத் திருப்பிக் கொடுத்தான்.

அவள் நேரே பட்டறைக்கு வந்தாள். “ஒங்க வேல நல்லா வந்தா எந்தம்பி போறான். கெட்டுப்போனா நீங்க போறீங்க. எதைச் செய்யப் போறீங்க?”

மாயாண்டி உலையையே பார்த்தான். “ஏன் ஒடையுதுன்னே எனக்குத் தெரியல புள்ள. தெரிஞ்சாத்தானே நல்லதும் கெட்டதும் என் கையில.”

“அப்ப மொதல்ல தெரிஞ்சுக்குங்க” என்றாள்.

துருத்திக்கு அவளே உட்கார்ந்தாள்.

மாயாண்டி பெரிய சுருளை விட்டுவிட்டு மெல்லிய கம்பியை எடுத்தான். மெல்லியது எதுவானாலும் சீக்கிரம் காட்டிக் கொடுக்கும். ஆறு துண்டுகள் வெட்டினான். ஆறையும் ஒரே நெருப்பில் காய்ச்சி, ஒரே எண்ணெயில் முக்கி, ஒரே நீலத்துக்குக் கொண்டுவந்தான். செய்ததில் ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். இரண்டைக் கருப்பாகவே விட்டான். நாலை ஆசிட்டில் போட்டான். அந்த நாலில் இரண்டை எடுத்துக் கழுவி, உலை ஓரத்துச் சுடுமணலில் புதைத்தான். மற்ற இரண்டைக் கழுவியதோடு விட்டான். சாயங்காலம் ஆறையும் வில்லாக வளைத்து ஆணிகளுக்கு நடுவில் மாட்டினான்.

அரை மணி நேரம் ஆகவில்லை. டிக். கழுவியதோடு விட்டதில் ஒன்று. ராக்கம்மா துருத்தியை நிறுத்தினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் ஜோடியும் போயிற்று. கருப்பு இரண்டும் அப்படியே நின்றன. சுடுமணலில் கிடந்த இரண்டும் நின்றன.

அவன் ஆசிட் ஜாடியில் ஒரு துண்டைப் போட்டுக் குனிந்து பார்த்தான். எஃகின்மேல் கசகசா தூவியதுபோலப் பொடிப்பொடியாகக் குமிழ் கட்டியது. கொஞ்சம் மேலே போயிற்று. எல்லாமா மேலே போகும்? இறுகிய எஃகுக்குள்ளும் கொஞ்சம் புகுந்துவிட்டால்? புகுந்தது உள்ளே கூடிக்கூடி, முறுக்கில் நிற்கிற எஃகை மெல்லப் பிளந்தால்? பாரம் இல்லாதபோது தெரியாது, தூக்கிப் போட்டால் தெரியாது. அமுங்கியபடி நேரம் போகப் போகத்தான் உடையும். சூட்டில் வைத்தால் புகுந்தது வெளியே போய்விடுகிறது. அந்த வாயுவுக்கு ஹைட்ரஜன் என்று பெயர் என்பது அவனுக்குத் தெரியாது. மற்றபடி அவன் நினைத்தது முழுக்கச் சரி.

“நாந்தான்” என்றான். “பளபளன்னு இருக்கணும்னு நாந்தான் கெடுத்தேன்.”

ராக்கம்மா அவனைத் திட்டவில்லை. “இப்ப எதைச் செய்யப் போறீங்க?” என்று அதையே கேட்டாள்.

செய்யப்போகிற எட்டையும் ஆசிட்டில் போட்டு உடையவிட்டால் தங்கராஜு பிழைப்பான். அது அவனுக்கு உடனே தோன்றியது. சயாம் என்ற சொல்லும் கூடவே தோன்றியது, அங்கே போனவர்கள் செத்துப்போனதாக வந்த சேதிகளும். அப்புறம் மூன்றாவதாக ஒரு வழி தோன்றியது. அது மிகவும் அழகாக இருந்தது.

“ரெண்டு பேருமே போக வேண்டியதில்ல. பன்னண்டு செய்யறேன். எட்டு கருப்பு, நாலு வெள்ளை. அவன் கண்ணு முன்னாடியே ஆசிட்டுல போட்டுக் காட்டறேன். எது ஒடையும், எது ஒடையாதுன்னு மொதல்லயே சொல்லிடறேன். சொன்னபடி ஒடஞ்சா தங்கராஜு ஒடைக்கலேன்னு ஆச்சு, என் கைவேலயும் நல்லதுன்னு ஆச்சு. அவனும் மெக்கானிக்குதானே, புரியும்.”

அவள் நம்பினாள். ராத்திரியோடு ராத்திரியாகப் பன்னிரண்டு புதுச் சுருள்களையும் செய்து முடித்தார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹமாடா வந்தான். மாயாண்டி பேசி முடித்ததும் கிராணி தயங்கினார்.

“நீ செஞ்ச தப்புன்னு சொல்றியே, அதைச் சொல்லவா வேணாமா?”

“சொல்லுங்கய்யா.”

“ஒன்னையும் சேத்து ஏத்திருவான்லா.”

“சொல்லுங்க.”

ஹமாடா கேட்டான். கண்கள் மெல்ல அகன்றன. சந்தோஷத்தில்தான். நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தான். நாலு சுருள்கள் அவன் முன்னால் ஆசிட்டில் இறங்கின, இரண்டு மணி நேரம் ஊறின. பத்து மணிக்கு ஹமாடா நாலையும் போல்ட்டில் பூட்டி அமுக்கி, தன் கையாலேயே மேசையில் நிறுத்தினான். எட்டு கருப்புச் சுருள்கள் லாரி இன்ஜினுக்குப் போயின.

“அஞ்சு மணி வரைக்கும்னு சொல்றாரு” என்றார் கிராணி.

பன்னிரண்டு மணிக்கு ஒன்றும் உடையவில்லை. வெளியே தங்கராஜுவின் தலை மார்பில் தொங்கியது. ராக்கம்மா சிப்பாய்க்குப் பத்தடி தூரத்தில் மண்ணில் உட்கார்ந்து, தம்பியிடம் சத்தமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். “இன்னும் செத்த நேரம்டா. மச்சான் கண்டுபிடிச்சிட்டாரு. ஒடையப் போவுது.”

“என்ன ஒடையப் போவுது?” அவன் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

“ஸ்பிரிங்குடா.”

“அவரு வேல எப்பக்கா ஒடஞ்சிருக்கு?” என்றான்.

இரண்டு மணிக்கு மாயாண்டிக்குக் காரணம் புரிந்துவிட்டது. முன்பு உடைந்தவை ராத்திரி முழுக்க ஆசிட்டில் ஊறியவை. இவை இரண்டே மணி நேரம் ஊறியவை. மெல்லிய கம்பிக்கு அது போதும். இந்தத் தடிமனுக்குப் போதாது. உள்ளே புகுந்தது கொஞ்சம், அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். உடையும். கட்டாயம் உடையும். அஞ்சு மணிக்குள்ளா என்பதுதான் கேள்வி.

“காலையில வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கய்யா. கெஞ்சிக் கேக்கறேன்னு சொல்லுங்க.”

ஹமாடா கடிகாரத்தைக் காட்டினான். ரயில் காத்திருக்காது என்றான்.

மூன்று. நாலு. மாயாண்டி மேசை முன்னால் நின்று அந்த நாலு சுருள்களையும் பார்த்துக்கொண்டே இருந்தான். வாழ்நாளில் எந்தச் சாமானும் உடைய வேண்டும் என்று அவன் வேண்டியதில்லை. ஒருமுறை கை சுத்தியல் பக்கம் போயிற்று. ஹமாடா நாற்காலியில் இருந்தபடியே நாக்கைச் சொடுக்கினான், குழந்தையைக் கண்டிப்பதுபோல.

ஐந்தடிக்க லாரி வந்து நின்றது. பின்னால் முப்பத்தொன்பது பேர் நின்றார்கள். கம்பியை அறுத்ததும் தங்கராஜு மரத்தடியில் சரிந்தான். இரண்டு பேர் தூக்கி நாற்பதாவது ஆளாக ஏற்றினார்கள். ராக்கம்மா பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். சிப்பாய் அவள் விரல்களைத் துப்பாக்கிக் கட்டையால் தட்டிவிட்டான். இன்ஜின் ஒரே சுற்றில் கிளம்பியது. எட்டு வால்வும் ஒரு தட்டல் இல்லாமல், ஒரு விக்கல் இல்லாமல் ஓடின. ஹமாடா காதைச் சாய்த்துக் கேட்டு, கட்டை விரலை உயர்த்தி மாயாண்டிக்குக் காட்டினான்.

லாரிச் சத்தம் மேட்டைத் தாண்டி மறைந்தது. ஹமாடா தேநீர் கேட்டான். அவன் குடித்துக்கொண்டிருந்தபோது, ஐந்தே முக்காலுக்கு, மேசையில் டிக் என்றது.

ஆறு மணிக்கு இரண்டாவது. அடுத்த கால்மணி நேரத்தில் மூன்றாவது. உடைந்த வாயில் சர்க்கரை மாதிரி மின்னல். ஹமாடா அதை உள்ளங்கையில் உருட்டி, பற்கள் தெரியச் சிரித்தான்.

மாயாண்டி அவன் காலடியில் விழுந்தான். “அய்யா, மோட்டார் சைக்கிள் இருக்கு. சிரம்பான்ல ரயில் கெளம்ப முன்னாடி போயிரலாம். அவன் ஒடைக்கல. இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல? சொல்லுங்க கிராணியார்!”

கிராணி சொன்னார். ஹமாடா யோசித்துப் பதில் சொன்னான். கிராணி முகம் வெளுத்துப் போயிற்று.

“ஒடைக்கலங்கறது சரிதானாம். ஆனா நாப்பது பேருன்னு எழுதியாச்சாம். ஒருத்தனை எறக்கினா ஒருத்தனை ஏத்தணுமாம். யாருன்னு நீ பேர் சொல்லு, இப்பவே போலாங்கறாரு.”

“நான் போறேன்.”

“நீ கூடாதாம். ஒனக்கு வேலை இருக்காம். வேற பேர்.”

வாசலில் ராக்கம்மா நின்றாள். வீங்கிய விரல்களை முந்தானையில் சுற்றியிருந்தாள். அவளுக்குப் பின்னால் லயத்து ஆண்கள் ஐந்தாறு பேர், சேதி கேட்டு வந்தவர்கள், நின்றிருந்தார்கள். மாயாண்டியின் பார்வை தங்கள் பக்கம் வந்ததும் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் மெல்ல நகர்ந்து போனான். ராக்கம்மா மட்டும் அவனையே பார்த்தாள். அவள் உதட்டில் ஒரு பெயர் வந்து நின்றது அவனுக்குத் தெரிந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஹமாடா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சரி என்று கடிகாரத்தின் மூடியைச் சாத்தினான். கிராணியிடம் காகிதமும் பேனாவும் எடுக்கச் சொன்னான்.

“செய்முறையைச் சொல்லச் சொல்றாரு” என்றார் கிராணி. “மத்த லாரிக் கொட்டகைக்கெல்லாம் அனுப்பணுமாம்.”

மாயாண்டி தரையிலிருந்து எழுந்தான். வாசலில் இப்போது யாரும் இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, தெளிவாக, கிராணி எழுதுவதற்கு இடம்விட்டுச் சொன்னான்.

“எண்ணெயில முக்கி, நீலத்துக்குக் கொண்டுவந்த ஸ்பிரிங்கை ஆசிட்டுல போடக் கூடாது. கரிச்செதிலை மணலும் செங்கப்பொடியும் வச்சுத் தேச்சு எடுக்கணும். ஆசிட்டுல போட்டே ஆகணும்னா, கழுவின ஒடனே, பாரம் ஏத்தறதுக்கு முன்னாடி, சுடுமணல்ல நாலு மணி நேரம் பொதைச்சு வைக்கணும். தண்ணி தெளிச்சா மணல் சீறணும், ஆனா எஃகு மஞ்சளாகக் கூடாது. இப்படிச் செஞ்சா ஒடையாது.”